"ஐ மிஸ்டு ஹிம்" எப்படி ஏக்கம் ஆனது? துருக்கி வசனத்தைத் தமிழுக்குக் கொண்டுவர ஆங்கிலம் வேண்டுமா, வேண்டாமா?

அனடோலியா_வழி:
நேற்று ராத்திரி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு துருக்கித் தொடர் பார்த்தோம், தமிழ் சப்டைட்டிலோடு. தம்பிக்காரன் மூச்சிரைக்க ரயில் நிலையத்துக்குள் ஓடி வருகிறான். அண்ணன் ஏறிய ரயில் கிளம்பிவிட்டது. அம்மாவுக்கு போன் போட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறான்: "ஓனு கச்சுர்தும்." கீழே தமிழில் வந்த வரி: "அவரை நினைத்து ஏங்குகிறேன்." என் அம்மா உடனே கேட்டார், "ரயில் போய் ரெண்டு நிமிஷம்கூட ஆகலையே, அதுக்குள்ள என்ன ஏக்கம்?"

நடந்தது இதுதான். துருக்கியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த வரி "ஐ மிஸ்டு ஹிம்" ஆகியிருக்கிறது. அதில் தப்பே இல்லை. அதைப் பார்த்துத் தமிழாக்கியவர் 'மிஸ்' என்றதும் ஏக்கம் என்று எடுத்துக்கொண்டார். துருக்கியில் இந்தக் குழப்பத்துக்கு இடமே கிடையாது. ரயில், பஸ், வகுப்பு, வாய்ப்பு, ஆள் எது கையைவிட்டுப் போனாலும் 'கச்சுர்மக்'. மனசு ஒருவருக்காக ஏங்கினால் 'ஓஸ்லெமெக்'. எறிந்த கல் குறியில் படாவிட்டால் 'உஸ்கலாமக்'. புத்தகத்தில் ஒரு பக்கம் இல்லாவிட்டால் அது வினையே இல்லை, 'எக்சிக்', அதாவது குறைவு. ஆங்கிலம் இந்த நான்கையும் ஒரே பைக்குள் போட்டுவிட்டது.

நான் அங்காராவில் 4 வருடம் படித்தேன். முதல் வருடம் முழுக்க ஆங்கிலம் வழியாகத்தான் துருக்கி கற்றேன். விடுமுறை முடிந்து திரும்பிய அறைத்தோழனிடம் "செனி சோக் கச்சுர்தும்" என்று சொன்னபோது அவன் முகம் மாறியது இன்னும் நினைவிருக்கிறது. 'உன்னை ரொம்பக் கடத்திவிட்டேன்' என்கிற மாதிரி அவன் காதில் விழுந்திருக்கும். நான் சொல்ல வந்தது அன்பு, போய்ச் சேர்ந்தது வேறு. அன்றைக்கு எனக்கு வருத்தமாக இருந்தது. காரணம் துருக்கி இல்லை, ஆங்கில அகராதியை நான் பிடித்துக்கொண்டிருந்ததுதான்.

அதனால் நேராகவே சொல்கிறேன். துருக்கித் தொடர்களை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவருவதை நிறுத்த வேண்டும்.

வசன_வரி:
நான் 9 வருடமாக சப்டைட்டில் வேலை பார்க்கிறேன், துருக்கி, கொரிய, ஸ்பானியத் தொடர்கள் எல்லாம். உங்கள் கோபம் புரிகிறது, அந்த வரி தப்புதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நோயைச் சரியாகச் சொல்லிவிட்டு மருந்தைத் தப்பாகச் சொல்கிறீர்கள்.

எங்களுக்கு வருவது ஆங்கில டெம்ப்ளேட். டைம்கோடு போட்டு, வரி பிரித்து, எல்லாம் தயாராக இருக்கும். துருக்கி தெரிந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? நம்பிப் பயன்படுத்த ஒரு நல்ல துருக்கி-தமிழ் அகராதி எங்கே இருக்கிறது? ஆங்கிலத்துக்கோ 1890-இல் ரெட்ஹவுஸ் போட்ட பேரகராதியிலிருந்து இன்றைய துரெங் தளம் வரைக்கும் வரிசையாக இருக்கிறது. பாலத்தை இடித்துவிட்டு எப்படி ஆற்றைத் தாண்டுவது?

இன்னொன்று. பிழை ஆங்கிலத்தில் இல்லை, படம் பார்க்காமல் வரியை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தவரிடம் இருக்கிறது. திரையில் ரயில் போகிறது, ஆள் மூச்சிரைக்க நிற்கிறான், அந்த இடத்தில் 'மிஸ்' என்றால் என்ன என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

துருக்கியை ரொம்பச் சுத்தமான மொழி மாதிரி எழுதியிருக்கிறீர்கள், அதையும் ஏற்க முடியவில்லை. 'உச்சாவு கச்சுர்தும்' என்றால் விமானத்தைத் தவறவிட்டேன் என்றும் பொருள், விமானத்தைக் கடத்தினேன் என்றும் பொருள். அதே சொல்தானே? அங்கே நீங்கள் எதை வைத்துப் பிரிப்பீர்கள்? சூழலை வைத்துத்தான். ஆங்கிலத்துக்கு மட்டும் அந்தச் சலுகை ஏன் கிடையாது?

அப்புறம் முக்கியமான ஒன்று. துருக்கியில் 'ஓ' என்றால் அவன், அவள், அது எல்லாமே. 'ஓனு கச்சுர்தும்' என்ற வரியை மட்டும் உங்கள் கையில் கொடுத்தால் தவறவிட்டது அண்ணனையா, அக்காவையா, ரயிலையா என்று எப்படித் தெரியும்? தமிழில் அவனை, அவளை, அதை என்று ஏதாவது ஒன்றை எழுதியே ஆக வேண்டும். அந்த விவரத்தை எங்களுக்குத் தருவது ஆங்கில டெம்ப்ளேட்தான்.

அனடோலியா_வழி:
'ஓ' விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு விவரத்தைத் தந்துவிட்டு ஆங்கிலம் எத்தனை விவரத்தை வழியிலேயே போட்டுவிட்டு வருகிறது என்று பாருங்கள்.

துருக்கியில் 'சென்', 'சிஸ்' என்று இரண்டு உண்டு, நம் நீ, நீங்கள் மாதிரியே. மாமியாரிடம் 'சிஸி ஓஸ்லெதிம்' என்பாள், தோழியிடம் 'செனி ஓஸ்லெதிம்' என்பாள். ஆங்கிலத்தில் இரண்டும் "ஐ மிஸ்டு யூ". தமிழுக்கு வரும்போது மருமகள் மாமியாரை நீ என்று கூப்பிடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், வீட்டுப் பெரியவர்களுக்கு அது காதில் குத்துகிறது.

அடுத்து, 'ஒத்தொபுஸு கச்சுர்து' என்றால் பஸ்ஸைத் தவறவிட்டான், சொல்பவர் நேரில் பார்த்தார் அல்லது உறுதியாகத் தெரியும். 'ஒத்தொபுஸு கச்சுர்முஷ்' என்றால் பஸ்ஸைத் தவறவிட்டானாம். நம்முடைய 'ஆம்' அப்படியே அங்கே 'முஷ்'ஷாக உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுமே "ஹி மிஸ்டு தி பஸ்". கூடக் கொஞ்சம் கவனமுள்ளவர் 'அப்பாரண்ட்லி' சேர்ப்பார், பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஒரு குடும்பத் தொடரில் யார் கண்ணால் பார்த்தார், யார் கேள்விப்பட்டதைச் சொல்கிறார் என்பதை வைத்துத்தான் பாதிச் சண்டையே நடக்கும்!

'கச்சுர்மக்'குக்கு இரண்டு பொருள் என்கிறீர்கள். எனக்கு அது ஒரே பொருளாகத்தான் படுகிறது. 'கச்மக்' என்றால் ஓடிப்போதல், தப்பித்தல். அதோடு 'உர்' சேர்ந்தால் பிறவினை, ஓடிப்போக விடுவது அல்லது ஓடிப்போகச் செய்வது. பஸ்ஸை ஓடிப்போக விட்டேன், அது தவறவிடுதல். பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனேன், அது கடத்தல். தமிழில் 'கட' என்பதிலிருந்து 'கடத்து' வரவில்லையா? ஆளைக் கடத்துவது, தங்கம் கடத்துவது, வெப்பத்தைக் கடத்துவது, நேரத்தைக் கடத்துவது, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு 'கட'தானே. ஒரு தமிழனுக்கு இதை ஐந்து நிமிஷத்தில் புரியவைக்கலாம். ஆங்கிலம் வழியாகப் போனால் மிஸ், கிட்நாப், ஹைஜாக், ஸ்மக்கிள், ஸ்பாயில் என்று தொடர்பே இல்லாத ஐந்தாறு சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டும்.

'உய்கும் கச்து' என்பார்கள், தூக்கம் ஓடிப்போச்சு. இதைத் தமிழில் விளக்கவே வேண்டாம். 'ஆஸுந்தன் கச்சுர்து' என்றால் வாயிலிருந்து நழுவ விட்டான், நாம் வாய் தவறிச் சொல்லிட்டான் என்போமே அது. 'அக்லுனு கச்சுர்து', புத்தியை ஓடவிட்டுவிட்டான். மயிரிழையில் தப்பினான் என்பதற்கு அங்கே 'குல் பாயு', குல் என்றால் மயிர்! ஆங்கிலம் அதை "நியர் மிஸ்" என்று எழுதும், அதைப் பார்த்து நம் ஆள் என்ன எழுதுவாரோ.

பெனால்டி_பெட்டி:
நான் துருக்கி கால்பந்து வர்ணனை கேட்பவன், மொழி அரைகுறையாகத்தான் தெரியும். பெனால்டி வெளியே போனால் வர்ணனையாளர் 'கச்சுர்து' என்கிறார், 'உஸ்கலாது' என்பதில்லை. பந்து காலில் படாமலே போனால், அதாவது காற்றை உதைத்தால், அப்போது 'உஸ்கலாது'. முதல் பதிவில் குறி தவறினால் உஸ்கலாமக் என்று பொதுவாகப் போட்டிருக்கிறீர்கள், அது போதாது. வாய்ப்புப் போனதா, தொடுதலே நடக்கவில்லையா என்று பிரிக்க வேண்டும். தமிழ் வர்ணனையில் இரண்டுக்கும் 'மிஸ் பண்ணிட்டார்' தான்.

அனடோலியா_வழி:
நல்ல திருத்தம், நன்றி. குறி என்று பொதுவாக எழுதியது என் தப்பு.

வசன_வரி:
அப்படியானால் உங்கள் நான்கு சொல் பட்டியலும் முதல் நாளிலேயே ஆட்டம் காண்கிறது, கவனியுங்கள். இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஒரு மொழியின் சொல்லுக்கு எதிரே இன்னொரு மொழியின் சொல்லை வைக்கும் எந்தப் பட்டியலும் இப்படித்தான் ஆகும், அது ஆங்கிலமாக இருந்தாலும் தமிழாக இருந்தாலும்.

தமிழ் வழி நேர் வழி என்கிறீர்களே, அது எங்கே கவிழ்க்கும் என்று நான் சொல்கிறேன். பஸ்ஸைத் தவறவிட்டால் நம் ஊரில் பெரும்பாலும் என்ன சொல்கிறோம்? 'பஸ்ஸை விட்டுட்டேன்.' இதை நேராகத் துருக்கியில் போட்டால் 'புராக்தும்'. அதற்கு விட்டுவிட்டு வந்தேன், கைவிட்டேன் என்று பொருள். பஸ்ஸை எங்கேயோ நிறுத்திவிட்டு வந்த டிரைவர் பேசுகிற மாதிரி ஆகிவிடும். அடுத்தது ஏக்கம். ஓஸ்லெமெக்குக்கு 'ஏங்கு' என்று எழுதுகிறார்கள். அங்கே காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பும் கணவன்கூட மனைவியிடம் 'ஓஸ்லெதிம்' என்பான், தினசரிப் பேச்சு. தமிழில் அதே கணவன் 'ஏங்கினேன்' என்றால் கேட்கிறவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். அந்த இடத்தில் இன்றைய தமிழன் உண்மையில் சொல்வது 'மிஸ் பண்ணேன்' என்பதைத்தான். ஆங்கிலச் சொல்லைத் தமிழன் ஏற்கனவே வாங்கி வைத்துக்கொண்டான். பிடிக்கிறதோ இல்லையோ, வசனம் எழுதும்போது நான் ஜனங்கள் பேசுவதைத்தான் எழுத வேண்டும்.

அனடோலியா_வழி:
'விட்டுட்டேன்' பற்றிச் சொன்னது சரிதான், நானும் ஒருமுறை 'புராக்தும்' சொல்லிவிட்டு விழித்திருக்கிறேன். தப்பவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போனால் விழமாட்டீர்கள், ஆனால் அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

'மிஸ் பண்ணேன்' தவிர நம்மிடம் ஒன்றும் இல்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாலு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? 'பிள்ளை உன்னைத் தேடிக்கிட்டே இருந்தான்.' பிள்ளை கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான் என்றா பொருள்? 'ஊரைத் தேடுது', 'அம்மா கை சாப்பாட்டைத் தேடுது' என்று ஹாஸ்டல் பிள்ளைகள் சொல்கிறார்களே. நம் 'மிஸ்' அதுதான்! அதையே துருக்கிக்காரரும் சொல்கிறார்கள். 'அரமக்' என்றால் தேடுதல். 'கோஸ்லெரிம் செனி அராது', என் கண்கள் உன்னைத் தேடின. அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு: 'கெலென் கிதெனி அரத்துர்.' வருகிறவர் போனவரைத் தேடவைப்பார். புது அதிகாரி வந்த பிறகு பழையவரே பரவாயில்லை என்று தோன்றுமே, அப்போது சொல்வது. ஆங்கிலத்தில் இதை எழுதினால் 'மிஸ்' வரும், தேடல் காணாமல் போய்விடும். அப்புறம் அதைத் தமிழாக்குபவருக்குத் 'தேடு' என்ற சொல் எங்கிருந்து நினைவுக்கு வரும்?

வசன_வரி:
தேடு ரொம்ப அழகு, நான் இனிமேல் பயன்படுத்துவேன். ஆனால் அதே அரமக்கை வைத்து 'செனி அராதும்' என்று சொன்னால் துருக்கியில் உனக்கு போன் பண்ணினேன் என்று பொருள். சரிதானே? தமிழ் வழியாகப் போகிறவர் 'உன்னைத் தேடினேன்' என்று உருகி எழுதுவார், அங்கே அவள் சாதாரணமாக 'காலையில் கூப்பிட்டேன், எடுக்கலை' என்று சொல்லியிருப்பாள். ஆங்கில டெம்ப்ளேட்டில் 'கால்டு' என்று தெளிவாக இருந்திருக்கும்.

போன் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். மிஸ்டு காலுக்குத் துருக்கியில் 'ஜெவாப்சுஸ் அரமா'. ஜெவாப் நமக்குத் தெரிந்த ஜவாப்தான், அரபியிலிருந்து இரண்டு பக்கமும் வந்தது. பதில் இல்லாத அழைப்பு. அங்கே மிஸ் செய்தவர் என்று யாருமே இல்லை. ஆனால் 'ஒரு மிஸ்டு கால் கொடு' என்பதற்கு 'பெனி ச்சல்துர்' என்பார்கள், என்னை ஒலிக்கவிடு. இதே ச்சல்துர்மக்கைத் 'தெலெஃபோனுமு ச்சல்துர்தும்' என்று போட்டால் என் போனைத் திருட்டுக் கொடுத்துவிட்டேன்! ச்சல்மக் என்ற ஒரே வினைக்கு ஒலித்தல், வாசித்தல், திருடுதல் எல்லாம் உண்டு. ஆங்கிலம் இவற்றைத் தனித்தனிச் சொற்களாகப் பிரித்துத் தருகிறது, எனக்கு அது உதவி. எந்த மொழி எங்கே பிரிக்கிறது, எங்கே சேர்க்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். அதனால்தான் ஒரு மொழியை மட்டும் குற்றவாளி ஆக்காதீர்கள் என்கிறேன்.

மெய்யெழுத்து:
இருவருமே நன்றாக எழுதுகிறீர்கள், நடுவில் ஒரு எச்சரிக்கை. தமிழும் துருக்கியும் ஒட்டுநிலை மொழிகள், இரண்டிலும் வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், பிறவினை விகுதி உண்டு. அதனால் வாக்கியம் வாக்கியமாக அடுக்கிப் பார்க்கும்போது வசதியாக இருக்கிறது. இதை வைத்து இரண்டும் உறவு மொழிகள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஒன்று திராவிடக் குடும்பம், மற்றது துருக்கியக் குடும்பம். 'அன்னெ' என்றால் அங்கே அம்மா, நம் அன்னை போல ஒலிக்கிறது, அது தற்செயல். அம்மாவைக் குறிக்கும் சொற்கள் உலகம் முழுக்க ம, ன ஒலிகளில்தான் பெரும்பாலும் அமைகின்றன.

ஒலி பற்றி ஒரு குறிப்பு. கச்சுர்மக் என்று நீங்கள் எழுதுவதில் நடுவிலுள்ள உயிர், துருக்கியில் மேலே புள்ளியில்லாமல் எழுதும் 'ı' எழுத்து. நம் குற்றியலுகரத்தைச் சொல்வது போல உதட்டைக் குவிக்காமல் சொன்னால் கிட்டத்தட்டச் சரியாக வரும். ஆங்கிலேயர்கள் இந்த ஒலிக்குத் திணறுவார்கள், தமிழருக்குச் சிரமமே இல்லை.

வன்னிக்காரி:
நான் கன நாளாக இந்தக் களத்தை வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. அனடோலியா அண்ணா முதல் பதிவிலேயே ஒரு சொல்லை விட்டுவிட்டீர்கள், எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிய சொல். 'மிஸ்ஸிங்'.

எங்கட இலங்கையில் 2016-ஆம் ஆண்டு 14-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒரு அலுவலகம் அமைத்தார்கள். ஆங்கிலத்தில் 'மிஸ்ஸிங் பேர்சன்ஸ்' என்று பெயர். தமிழில் 'காணாமற்போன ஆட்கள்' என்று எழுதினார்கள். தாய்மார் ஒருநாளும் அந்தச் சொல்லைப் பாவிப்பதில்லை. அவர்கள் சொல்வது 'காணாமல் ஆக்கப்பட்டோர்'. காணாமல் போவது திருவிழாவில் கை நழுவிய பிள்ளை. எங்கட பிள்ளைகள் போகவில்லை, கொண்டு போகப்பட்டார்கள், சிலரைத் தாய்மாரே கையில் பிடித்துக் கொடுத்தார்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20-இல் தொடங்கிய போராட்டத்தில் பிடித்திருந்த பதாகைகளைப் பாருங்கள், 'ஆக்கப்பட்ட' என்ற சொல் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்காக அவர்கள் எவ்வளவு கதைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். என்ர மாமியும் அந்தப் பந்தலில் இருந்தவர்.

துருக்கியிலும் இதே இருக்கிறது. இஸ்தான்புல்லில் கலாத்தாசராய் சதுக்கத்தில் 1995 மே 27-இல் இருந்து சனிக்கிழமைகளில் தாய்மார் படங்களை ஏந்திக்கொண்டு வந்து இருக்கிறார்கள். ஜுமார்தெசி அன்னெலெரி என்று பெயர், சனிக்கிழமை அன்னையர். 2018 ஓகஸ்டில் 700-ஆவது கிழமை அங்கே கூட விடாமல் தடுத்தார்கள். அவர்கள் பற்றி வாசிக்கத்தான் நான் துருக்கி படிக்கத் தொடங்கினேன். அங்கே 'கய்போலன்' என்றால் காணாமல் போனவர். 'கய்பெதிலென்' என்றால் காணாமல் ஆக்கப்பட்டவர். அவர்கள் சொல்வது 'கோஸால்துந்தா கய்பெதிலென்லெர்'. கோஸால்து என்றால் காவல், சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கண்ணுக்குக் கீழே'. கண்ணுக்குக் கீழே வைத்துக் காணாமல் ஆக்கப்பட்டவர்கள். இதை முதல் தடவை வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

இன்னும் ஒன்று. 'பபாமு கய்பெத்திம்' என்றால் அப்பாவை இழந்தேன், அவர் இறந்துவிட்டார். 'பபாமு கய்பெத்திலெர்' என்றால் அப்பாவைக் காணாமல் ஆக்கிவிட்டார்கள். 'இம்' இருந்த இடத்தில் 'இலெர்'. கடைசியில் வருகிற விகுதி யார் செய்தது என்று சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஹி இஸ் மிஸ்ஸிங்' என்று எழுதினால் செய்தவனே அந்த வசனத்தில் இருக்கமாட்டான்.

அதனால் எனக்கு இது சப்டைட்டில் பிரச்சினை மட்டும் இல்லை. ஆங்கிலம் வழியாக வந்தால் சில இடத்தில் குற்றவாளி வழியில் இறங்கிவிடுகிறான்.

வசன_வரி:
வன்னிக்காரி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். மாமிக்கு என் வணக்கம்.

உங்களோடு வாதாட மனமில்லை, ஆனாலும் ஒன்றை நேர்மையாகச் சொல்லியே ஆக வேண்டும். ஆங்கிலமும் இதைக் கற்றுக்கொண்டது. லத்தீன் அமெரிக்காவில் ராணுவ ஆட்சிகள் ஆட்களைத் தூக்கியபோது அங்கே 'தெசபாரெசிதோஸ்' என்றார்கள், அதைப் பார்த்து ஆங்கிலத்திலும் 'தே டிஸப்பியர்டு ஹிம்' என்று செயப்படுபொருளோடு எழுத ஆரம்பித்தார்கள். ஐ.நா. 2006-இல் ஏற்ற உடன்படிக்கையில் 'என்ஃபோர்ஸ்டு' என்ற அடைமொழி இருக்கிறது, வலிந்து என்று. ஆக, சொல் இருந்தது, அந்த அலுவலகத்துக்குப் பெயர் வைத்தவர்கள் அதை எடுக்கவில்லை. மொழி இடம் கொடுத்தும் ஆட்கள் எடுக்காமல் விட்டதை மொழியின் தலையில் போட முடியாது. நீங்கள் சொன்ன 'ஆக்கப்பட்டோர்' என்ற தமிழும் தாய்மார் உழைத்து நிலைநிறுத்திய சொல்தானே.

வன்னிக்காரி:
அது உண்மை அக்கா. சொல் தானாக வரவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'டிஸப்பியர்டு ஹிம்' என்று வாசிக்கிறபோது இன்றைக்கும் இலக்கணம் கொஞ்சம் முறுக்கின மாதிரித்தான் கேட்கும், அந்த முறுக்கல்தான் அதன் பலம் என்றும் சொல்லலாம். எங்களுக்கும் துருக்கிக்காரருக்கும் ஆக்கு, ஆக்கப்பட்டது என்பது சமையலறையில்கூட இருக்கிற இலக்கணம். சோறு ஆக்கினேன் என்கிற அதே 'ஆக்கு'. படிக்காத தாய்க்கும் அது கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது.

வேறொரு விஷயம், மனசு கொஞ்சம் ஆறட்டும். தென்கிழக்குத் துருக்கியில், தியார்பக்கிர், உர்ஃபா பக்கம், 'கச்சக் சாய்' என்று ஒரு தேயிலை குடிப்பார்கள். கச்சக் என்றால் கள்ளமாக வந்தது, அதே 'கச்'. பெரும்பாலும் எங்கட இலங்கைத் தேயிலைதான் எல்லை தாண்டிப் போயிருக்கும், கடையில் செய்லான் சாய் என்றும் சொல்வார்கள். சொந்தமாக ரீஸே மாகாணத்தில் தேயிலை விளைகிற நாட்டிலே எங்கட மலையகத் தேயிலைக்கு இப்படி ஒரு பெயர்!

அனடோலியா_வழி:
உர்ஃபாவில் அதைக் குடித்திருக்கிறேன். நல்ல சிவப்பு, நல்ல கடுப்பு. கடைக்காரரிடம் இது எங்கள் பக்கத்து நாட்டுத் தேயிலை என்றதும் இரண்டாவது கோப்பைக்குக் காசு வாங்கவில்லை. 'மிஸ்ஸிங்'கை நான் விட்டது பெரிய குறை தங்கச்சி, 'எக்சிக்' என்று ஒரு பக்கக் கணக்கோடு முடித்துவிட்டேன்.

வசன_வரி, உங்கள் பக்கம் கொஞ்சம் நகர்கிறேன். ஆங்கில டெம்ப்ளேட்டை நிறுத்து என்று நான் சொன்னது இன்றைக்கு நடக்காது, ஆள் இல்லை என்பது நிஜம். ஆனால் டெம்ப்ளேட்டை மட்டும் பார்த்து எழுதக் கூடாது என்பதில் மாறமாட்டேன். துருக்கி தெரியவே வேண்டாம், காது போதும். 'மிஸ்' வருகிற இடத்தில் ஒலியைப் போட்டுக் கேளுங்கள். 'கச்' என்று கேட்டால் ஏதோ நழுவியது. 'ஓஸ்' என்று கேட்டால் மனசு. 'உஸ்கா' என்றால் படவில்லை. 'கயுப்', 'கய்' என்றால் காணவில்லை, அங்கே நின்று யார் செய்தது என்று பாருங்கள். 'புர்னும்தா துத்துயோர்' என்று வந்தால் மூக்கில் புகைகிறது என்று எழுதிவிடாதீர்கள், அதுதான் ஏக்கத்தின் உச்சம், ஒருவர் நினைவு மூக்குக்குள் வாசனையாகப் புகைந்துகொண்டே இருக்கிறது என்பார்கள். 'ஏங்குகிறேன்' என்ற சொல்லை அந்த இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ரயில் நிலைய வரிக்கு நானாக இருந்தால் 'அண்ணனைத் தவறவிட்டுட்டேன்' என்று போட்டிருப்பேன்.

வசன_வரி:
தம்பி மூச்சு வாங்கிக்கொண்டு அம்மாவிடம் பேசுகிறான், அந்த நேரத்தில் எவனும் தவறவிட்டுட்டேன் என்று சொல்லமாட்டான். 'அண்ணன் போயிட்டாரும்மா.' அவ்வளவுதான்.

அனடோலியா_வழி:
போயிட்டார் என்றால் இறந்துவிட்டார் என்று யாராவது எடுத்துக்கொண்டால்? அதுவும் போனில் அம்மாவிடம். தவிர, கச்சுர்தும் என்பதில் 'நான்' இருக்கிறது. நான் விட்டுவிட்டேன், என் தாமதம், என் குற்றம். அவன் அண்ணனோடு சண்டை போட்டவன், அந்த வரியில் அவன் தன்மேல்தான் பழி போட்டுக்கொள்கிறான். உங்கள் வரியில் அண்ணன்தான் போகிறார், இவனைக் காணோம்.

வசன_வரி:
'ரயிலைப் பிடிக்க முடியலைம்மா'?

அனடோலியா_வழி:
அதில் அண்ணன் இல்லை.

பெனால்டி_பெட்டி:
'கோட்டை விட்டுட்டேன்மா' என்று போடலாமே? பழியும் இருக்கிறது, நழுவியதும் இருக்கிறது.

வசன_வரி:
அதிலும் அண்ணன் இல்லை, ஆனால் நீங்கள் எல்லோரும் சொன்னதில் அதுதான் வாயில் வருகிற வரி. 'அண்ணனைக் கோட்டை விட்டுட்டேன்மா'வைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், அது ஒட்டவில்லை. 'அண்ணனைப் பிடிக்க முடியலைம்மா, நான்தான் லேட்டு.' இதற்கு மேல் என்னால் முடியாது, வரி நீளத்துக்கும் சரியாக வரும்.

அனடோலியா_வழி:
இது நன்றாக இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

வசன_வரி:
மூன்று நாள் கழித்து வருகிறேன். கையில் இருக்கிற வேலையில் டெம்ப்ளேட் முழுக்க 'மிஸ்' என்று தேடி, ஒவ்வொரு இடத்திலும் ஒலியைப் போட்டுக் கேட்டேன். 11 இடம். நான் ஏற்கனவே எழுதிய தமிழில் 2 தப்பு, இரண்டுமே 'கச்' கேட்ட இடத்தில் நான் மனசை எழுதியவை. திருத்திவிட்டேன். ஆங்கிலம் வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை, அந்த 11-இல் 4 இடத்தில் 'ஓ' யாரைக் குறிக்கிறது என்று டெம்ப்ளேட்தான் சொன்னது.

ஆனால் இதைச் சொல்லத்தான் வந்தேன். புது மருமகள் முதல் நாள் சமைக்கிறாள், மாமனார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இறந்துபோன தன் மனைவியின் படத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு வரி சொல்கிறார். டெம்ப்ளேட்டில் "ஷி குக்ஸ் ஜஸ்ட் லைக் ஹர்" என்று இருந்தது, 'மிஸ்'ஸே கிடையாது. நானும் 'அவளை மாதிரியே சமைக்கிறா' என்று எழுதிவிட்டேன். அப்புறம் பழக்கத்தில் ஒலியைப் போட்டுக் கேட்டால் காதில் விழுந்தது 'அரத்முயோர்'. உங்கள் பழமொழியில் வந்த அதே சொல், எதிர்மறையில். அழித்துவிட்டு எழுதினேன்: 'இவ கை அவளைத் தேட விடலை.'